சுங்கச் சுவரும் மோட்டார்த் தொழிலும்



சுங்கவரி ஒரு நாட்டின் எல்லையில் எழுப்பிய சுவர் போன்றது. அயல்நாட்டுப் பண்டம் அச்சுவரைத் தாண்டி உள்ளே வரும்பொழுது அதன் விலை உயர்கிறது. உள்நாட்டுப் பண்டம் அந்நிழலில் வளர்கிறது. இரண்டு நாடுகள் கலந்து பேசி அச்சுவரை நீக்கிக்கொள்வதைத்தான் தடையற்ற வாணிக உடன்படிக்கை என்கிறோம். அது உள்நாட்டுத் தொழிலுக்கு நன்மையா, தீமையா என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலுவதில்லை. கனடா, ஆஸ்திரேலியா ஆகிய இரண்டு நாடுகளின் மோட்டார்த் தொழில் வரலாற்றை அவர்களுக்குச் சொல்வேன். இன்று உங்களுக்கும் அதையே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தொழிலின் இயல்பை அறிந்துகொள்வோம். ஒரு காரின் கதவையோ கூரையையோ தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கப் பெரிய அச்சுகள் வேண்டும். ஆயிரம் கார் செய்தாலும் இலட்சம் கார் செய்தாலும் அச்சின் செலவு ஒன்றே. எண்ணிக்கை பெருகப் பெருக ஒவ்வொரு காரின்மீதும் விழும் செலவு குறையும். ஆதலால் சிறிய சந்தையை நம்பிப் பல வகைக் கார்களைச் செய்யும் நாடு எப்பொழுதும் இடர்ப்படும். இந்த உண்மையை மனத்தில் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

1960-களின் தொடக்கத்தில் கனடாவின் நிலை அதுவே. அமெரிக்கக் கம்பெனிகளின் கிளைத் தொழிற்சாலைகள் அங்கே பலவகைக் கார்களைச் சிறுசிறு எண்ணிக்கையில் செய்துவந்தன. இறக்குமதிக் கார்களுக்கு நூற்றுக்கு 17.5 வரி இருந்தது. கனடியர் அண்டை நாட்டாரைவிட அதிக விலை கொடுத்தே கார் வாங்கினர். 1965 ஜனவரியில் கனடாப் பிரதமர் பியர்சனும் அமெரிக்கத் தலைவர் ஜான்சனும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். கார்களும் அவற்றின் உறுப்புகளும் இரு நாடுகளுக்கும் இடையே வரியின்றிச் செல்லலாம் என்பது அதன் சாரம். ஆனால் கனடா அதில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. கனடாவில் கார் விற்கும் கம்பெனி, அவ்விற்பனைக்கு ஒத்த அளவில் கனடாவிலேயே கார் செய்ய வேண்டும். இல்லையேல் வரிவிலக்கு இல்லை.

விளைவு விரைவில் தெரிந்தது. ஒவ்வொரு தொழிற்சாலையும் ஓரிரு வகைக் கார்களை மட்டும் பெருமளவில் செய்து இரு நாடுகளுக்கும் அனுப்பத் தொடங்கியது. 1964-இல் கனடாவில் செய்த வண்டிகளில் நூற்றுக்கு ஏழே அமெரிக்கா சென்றன. 1968-இல் நூற்றுக்கு அறுபது சென்றன. வேலை பெருகிற்று. ஆயினும் குறையும் இருந்தது. வண்டியை வடிவமைப்பதும், எதை எங்கே செய்வது என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே நடந்தன. ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் முறையிட, உலக வாணிக நிறுவனம் அந்த ஏற்பாடு விதிக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. 2001-இல் அது முடிவுற்றது. எனினும் முப்பத்தாறு ஆண்டுகளில் அது ஒரு பெருந்தொழிலை வேரூன்றச் செய்துவிட்டது.

இனி ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். 1856-இல் அடிலெய்டு நகரில் குதிரைச் சேணம் விற்கும் கடையாகத் தோன்றியது ஹோல்டன் என்ற நிறுவனம். பின்னர் அது அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கிளையாயிற்று. 1948 நவம்பரில் முதல் ஹோல்டன் கார் வெளிவந்தபோது, பிரதமர் சிப்லி தாமே நேரில் வந்து அதை வரவேற்றார். நாட்டின் பெருமையாக அது கருதப்பட்டது. அப்பெருமையைக் காக்க உயர்ந்த சுவர் எழுந்தது. 1980-களின் நடுவில் இறக்குமதிக் காருக்கு நூற்றுக்கு 57.5 வரி. சுவரின் நிழலில் பல கம்பெனிகள் பல வகைக் கார்களைச் சிறு அளவில் செய்துகொண்டிருந்தன. இது நீடிக்காது என்று உணர்ந்த அரசாங்கம் வரியைப் படிப்படியாகத் தானே குறைத்தது. 1988-இல் 45 ஆன வரி, 2000-இல் 15 ஆயிற்று. 2005-இல் 10 ஆயிற்று. 2010-இல் 5 ஆயிற்று.

2005 ஜனவரி முதல் நாள் தாய்லாந்துடன் செய்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்துக் கார்களுக்கு ஆஸ்திரேலியா வரியை அறவே நீக்கியது. தாய்லாந்தோ, கார்களுக்கு விதித்திருந்த நூற்றுக்கு 80 வரியைப் பெரிய எஞ்சின் கார்களுக்கு உடனே நீக்கியது. சிறியவற்றுக்குப் படிப்படியாக நீக்க இசைந்தது. ஆஸ்திரேலியர் செய்தவை பெரும்பாலும் பெரிய கார்களே. தாளில் பார்த்தால் அவர்களுக்கே ஆதாயம் அதிகம்.

நடந்தது வேறு. தாய்லாந்தில் சுங்கவரி போக உள்நாட்டுக் கலால் வரி ஒன்று உண்டு. அன்று எஞ்சின் பெரிதாக ஆக அவ்வரியும் உயர்ந்தது. பிக்கப் எனப்படும் சுமை வண்டிகளுக்கோ மிகக் குறைவு. இவ்வரி எல்லா நாட்டுக் கார்களுக்கும் பொதுவானதே. ஆனால் பெரிய கார் செய்யும் ஆஸ்திரேலியருக்கு, வாயிற்கதவு திறந்தும் உள்ளே மற்றொரு கதவு சாத்தியிருந்தது போல் ஆயிற்று. அதே கலால் முறையின் ஆதரவில் பிக்கப் வண்டிகளைப் பேரளவில் செய்யப் பழகிய தாய்லாந்து, அவற்றை ஆஸ்திரேலியாவுக்கு வரியின்றி அனுப்பியது. ஒரு கை தட்டி ஓசை எழுமா? 2012-இல் தாய்லாந்து செய்த வண்டிகள் 24 இலட்சத்துக்கு மேல். ஆஸ்திரேலியா செய்தவை இரண்டேகால் இலட்சம் அளவே.

முழுப் பழியையும் உடன்படிக்கைமீது சுமத்துவது நேர்மையாகாது. சுரங்கத் தொழிலின் செழிப்பால் ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு 2011-இல் அமெரிக்க டாலரையும் விஞ்சி நின்றது; அதனால் ஏற்றுமதி நலிந்தது, இறக்குமதி மலிந்தது. மக்களின் விருப்பமும் பெரிய கார்களைவிட்டு அகன்றது. கொரியா, ஜப்பான் நாடுகளுடன் செய்த உடன்படிக்கைகள் முறையே 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலுமே நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பே ஃபோர்டு, ஹோல்டன், டொயோட்டா மூன்றும் உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்துவிட்டன. கார் வாங்குவோருக்குத் தேர்வு பெருகியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

2016 அக்டோபரில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலை மூடியது. 2017 அக்டோபர் 3-ஆம் நாள் மெல்போர்னை அடுத்த ஆல்ட்டோனாவில் டொயோட்டா ஆலையில் வேலை முடிந்தது. ஏறத்தாழ 2,500 பேர் வெளியேறினர். அதே மாதம் 20-ஆம் நாள் அடிலெய்டின் வடபால் உள்ள எலிசபெத் என்னும் ஊரில் கடைசி ஹோல்டன் கார் வெளிவந்தது. எஞ்சியிருந்த 950 பேர் அளவில் வீடு திரும்பினர். எலிசபெத்தில் அந்த ஆலையை நம்பித் தந்தையும் மகனும் வேலை செய்த குடும்பங்கள் உண்டு. ஐம்பது வயதில் கைப்பழக்கம் பயனற்றுப் போனவனுக்கு, கார் விலை குறைந்தது என்ற செய்தி என்ன ஆறுதல் தரும்? 2020-இல் ஹோல்டன் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் கைவிடுவதாக அறிவித்தது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பின்னாளில் ஆஸ்திரேலியாவில் மிகுதியாக விற்ற ஹைலக்ஸ், ரேஞ்சர் என்னும் பிக்கப் வண்டிகள் தாய்லாந்திலிருந்து வந்தவை. அவற்றுள் ரேஞ்சரை வடிவமைத்தவர்கள் ஆஸ்திரேலியாவிலுள்ள ஃபோர்டு பொறியாளர்களே! கனடாவில் கை தங்கியது, மூளை வெளியே இருந்தது. ஆஸ்திரேலியாவில் மூளை தங்கியது, கை போயிற்று.

மாணவ நண்பர்களே, சுவரை நீக்குவதா, வைப்பதா என்பது மட்டும் கேள்வியன்று. நீக்கும் நாளில் உள்ளே இருக்கும் தொழில் எவ்வளவு உரம் பெற்றிருக்கிறது என்பதே முதற்கேள்வி. நெடுநாள் நிழலில் இருந்த பயிர் திடீரென்று வெயிலைத் தாங்காது; நிழலிலேயே வைத்திருந்தாலும் காய்க்காது. உடன்படிக்கையில் எழுதியதைவிட எழுதாமல் விட்டது முக்கியமாகலாம். தாய்லாந்தின் கலால் வரியை நினைவில் கொள்ளுங்கள். கனடா செய்ததுபோல், நம் சந்தையில் விற்பவர் நம் மண்ணிலும் உழைப்பைத் தர வேண்டும் என்று கேட்பதற்கு இன்றைய உலக விதிகள் அவ்வளவாக இடம் தருவதில்லை. அதனால் இடம் உள்ள இடத்தில் விழிப்பாக இருப்பது முன்னிலும் அவசியமாகிறது.

சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மோட்டார்த் தொழிலால் வாழும் குடும்பங்கள் பல. உங்களுள் சிலர் நாளை அங்கே பணிபுரிவீர்கள். சிலர் இத்தகைய உடன்படிக்கைகளை வரையும் மேசையிலும் அமரக்கூடும். அன்று, வரி அட்டவணையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், எலிசபெத் நகரத்து ஆலையின் வாயிலையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.