சிச்சரோன் பொரியும் விதம்

ஸ்பானியர் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அரசாண்ட பிலிப்பைன்ஸ் தேசத்தில், அவர்கள் விட்டுச்சென்ற பெயரோடு இன்றும் விளங்கும் சிச்சரோன் என்ற பன்றித்தோல் வறுவலுக்குச் செபு தீவிலுள்ள கார்கார் என்னும் ஊர் பிரசித்தி பெற்றது. ஆயினும் வீட்டிலேயே அதைப் பக்குவமாகச் செய்யலாம்.

தோலை உப்பு நீரில் மிருதுவாகும்வரை வேகவைத்து, உட்புறக் கொழுப்பைக் கரண்டியால் வழித்தெடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, வற்றல்போல் விறைக்கும்வரை உலர்த்துவதே இதில் பொறுமையைச் சோதிக்கும் காரியம். வெயில் வாய்க்காத நாளில் மிகக் குறைந்த சூட்டில் வைத்த ஓவன் போதும். வேகும்போது தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் ஜெலட்டினாக மாறுகிறது. உலர்ந்த பின்னும் அதனுள் எஞ்சிநிற்கும் சொற்ப ஈரம், சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள எண்ணெயில் பட்டவுடன் நீராவியாகி வெளியேற முயல, தோல் க்ஷணப்பொழுதில் பன்மடங்கு உப்பிவிடுகிறது. ஈரம் மிகுந்தாலோ எண்ணெய் தெறிக்கும். ஆகையால் அவசர சுபாவமுடையோர் இதன் பக்கம் போகாதிருப்பது உத்தமம்.

பூண்டும் மிளகாயும் ஊறிய காடியில் தொட்டு உண்பதே அந்நாட்டு வழக்கம். வெறுமனே தின்றால் பாதிச் சுவைதான்.