சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இன்று எதைப் பற்றிப் பேசலாம் என்று எங்கள் வகுப்புத் தோழிகள் கூடி யோசித்தோம். "கை கழுவுவது" என்றதும் சிரிப்பு எழுந்தது. அது தெரியாதவர் யார்? உண்மைதான், எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாம் ஏன் செய்வதில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

வெள்ளவத்தையிலும் சரி, கொட்டாஞ்சேனையிலும் சரி, நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். சாப்பிட உட்காருமுன் விரல்களைச் சற்றுத் தண்ணீரில் நனைக்கிறோம். சாப்பிட்ட பின் மீன்குழம்பு மணம் போகவில்லையே என்று இரண்டு தரம் சவர்க்காரம் போடுகிறோம். ஆக, நாம் சவர்க்காரம் போடுவது மணத்துக்காக. கிருமிக்கோ மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது வாய்க்குள் போன பிறகுதான் சவர்க்காரத்தை எடுக்கிறோம். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் அதே ஒழுங்கைத்தான் பழகிக்கொள்கிறது.

வைத்தியர்களாகிய நாங்களும் இதில் தவறியிருக்கிறோம். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து ஆறு வயதுச் சிறுமியை அவளுடைய அம்மம்மா அழைத்து வந்தார். ஒரே தவணையில் மூன்றாவது முறையாக வாந்தியும் வயிற்றோட்டமும். கொதித்தாறிய தண்ணீர்தானா, வெளிச்சாப்பாடு உண்டா என்று அம்மம்மாவிடம் விசாரித்தோம். எதிலும் குறையில்லை. கடைசியில்தான் பிள்ளையிடம் கேட்டோம்.

"கை கழுவுவீங்களோ, அம்மா?"

"ஓம் டொக்டர், சாப்பிட்டாப் பிறகு."

"சாப்பிட முன்னம்?"

"பைப்படியில கியூ. கியூ முடிய இன்ரெவலும் முடிஞ்சிடும்."

அவள் சோம்பேறிப் பிள்ளை அல்ல. கையைக் கழுவுவதா, பசியாறுவதா என்ற நிலையில் எந்தக் குழந்தையும் செய்வதையே செய்திருக்கிறாள். மூன்று முறை மருந்து எழுதிய நாங்கள் முதல் முறையே அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், ஏ வகை ஈரலழற்சி, கை கால் வாய் நோய், கீரிப்பூச்சி ஆகிய யாவும் கை வழியாகப் பரவக்கூடியவை. பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. அங்கே வாரந்தோறும் வீடுகளுக்குச் சென்று சவர்க்காரம் கொடுத்துக் கை கழுவப் பழக்கினார்கள். அவ்வீடுகளில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றோட்டமும், 5 வயதுக்குட்பட்டோரின் நியூமோனியாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. சாதாரணச் சவர்க்காரமே போதுமானதாக இருந்தது; கிருமிநாசினி கலந்த சவர்க்காரம் அதைவிட மேலான பலன் எதையும் தரவில்லை.

இந்தப் பாடம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. நமது பாடசாலைக்கும் ஏறத்தாழ அதே வயது. நோயாளி வரும்வரை காத்திராமல், பரிசோதகரும் மருத்துவிச்சியும் வீட்டுக்கும் பாடசாலைக்கும் போனார்கள். புத்தி சொன்னதோடு நில்லாமல் மலசலகூடம் கட்டவும் வழி செய்தார்கள்.

2020இல் கொரோனா வந்தபோது காலி வீதிக் கடைகளுக்கு முன்னால்கூடக் குழாயும் சவர்க்காரமும் வந்தன. பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கழுவினார்கள். பின்னர் 2022இல் விலைவாசி ஏறியது. சவர்க்காரமும் எண்ணிப் பார்த்து வாங்கும் பொருளாயிற்று. இன்று அந்தக் குழாய்களிற் பலவற்றில் தண்ணீர் இல்லை. குழாய் போனதும் பழக்கமும் போய்விட்டது.

தாய்மாரே, வீட்டில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மஞ்சள் தூளைச் சிறிது தேங்காயெண்ணெயில் குழைத்துப் பிள்ளையின் கைகளில் பூசுங்கள். வெறுந் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், மஞ்சள் போகாது. பிறகு சவர்க்காரக் கட்டியால் 20 விநாடி தேய்க்கச் சொல்லுங்கள். சவர்க்காரம் பட்ட இடம் சற்றுச் சிவக்கும், படாத இடம் மஞ்சளாகவே இருக்கும். பெருவிரலும், விரலிடுக்கும், நகக்கண்ணும்தான் பெரும்பாலும் தப்பிவிடும் இடங்கள். அதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். "பையில் சனிடைசர் இருக்கிறதே" என்பவர்களுக்கு ஒரு சொல்: அழுக்கும் எண்ணெய்ப்பிசுக்கும் உள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது, கீரிப்பூச்சி முட்டையையும் அழிக்காது.

எங்கள் காலத்தில் ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒருவர் இடைவேளைக்கு முன் எங்களைப் பைப்படிக்கு அழைத்துச் செல்வார். ஒன்றும் சொல்லமாட்டார். முதலில் தம் கையைக் கழுவுவார். பிறகு எங்கள் நகங்களைப் பார்ப்பார். நாற்பது வயது கடந்தும் நாங்கள் மறக்காத பாடம் அது.

நிறைவாக, மூன்று வேண்டுகோள்கள். அதிபர் அவர்கள் ஆரம்பப் பிரிவுக்கு இடைவேளை மணியை ஐந்து நிமிடம் முன்னதாக அடிக்க அனுமதிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் கை கழுவுவதற்கு மட்டும். பழைய மாணவிகளாகிய நாம், ஒவ்வொரு ஆண்டுப் பிரிவும் ஒரு மாதம் என்று பொறுப்பேற்று, சவர்க்காரத்தை வலைப்பையில் இட்டு ஒவ்வொரு குழாயிலும் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒழுகும் குழாயையும் திருத்த வேண்டும். பெற்றோர்களே, இன்றிரவு நீங்கள் சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரத்தைக் கையில் எடுங்கள். பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

நூற்றாண்டு நினைவாகக் கல்வெட்டு ஒன்று பதிக்கிறோம், மகிழ்ச்சி. அதன் பக்கத்திலுள்ள குழாயடியில் எந்நாளும் ஒரு சவர்க்காரக் கட்டி இருக்குமானால், அதுவும் இந்தப் பாடசாலைக்கு நாம் செலுத்தும் நன்றிதான்.