பின்விளக்கும் ஒரு சிறு விசையும்



மோட்டார் சைக்கிளில் ஏறிச் செல்பவர் தம் வண்டியின் பின்விளக்கைப் பார்க்க இயலாது. முகவிளக்கு அணைந்தால் உடனே தெரிந்துவிடும்; ஒலிப்பான் ஊமையானாலும் தெரிந்துவிடும். பிரேக்கை அழுத்தும்போது சிவந்து எரிய வேண்டிய விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை அறிபவர் பின்னால் வருபவர் ஒருவரே. அவர் அதனை நமக்கு எடுத்துச் சொல்வதும் அரிது. 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நமக்கு அதனைச் சொன்னவர், சாலையில் விழுந்து கிடந்தபடியே சொன்னார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து தமிழ்நாடு விரைவு வண்டியில் வரும் மைத்துனரை அழைத்துவர, ராமகிருஷ்ணபுரத்திலிருந்து புது தில்லி ரயில் நிலையத்திற்குப் புறப்பட்டோம். தில்லிப் பனியை இங்கு வாழும் நேயர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பம்பாயிலும் அகமதாபாத்திலும் இருப்போர், அரிசி மாவைக் காற்றில் தூவியது போன்றதொரு வெண்மையை மனத்தில் கொள்க. சர்தார் படேல் சாலை முடியும் முச்சந்தியில், காந்தியடிகள் முன்னே நடக்கப் பத்துப் பேர் பின்தொடரும் சிலைத்தொகுதி ஒன்று உண்டு. சென்னைக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையைப் படைத்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணமே அதுவும். அந்தச் சிலை பனிக்குள்ளிருந்து திடீரெனத் தோன்றவே, முச்சந்தி வந்துவிட்டதென உணர்ந்து பிரேக்கை அழுத்தினோம். ஈரச் சாலையில் முன்சக்கரம் சறுக்குமோ என்னும் அச்சத்தால் கைப்பிரேக்கைத் தொடவில்லை. காலால் மட்டுமே அழுத்தினோம்.

பின்னால் ஓர் ஓசை. பால் கேன்களைத் தொங்கவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது. நம்மீது மோதாமல் இருப்பதற்காக வண்டியை ஒடித்திருக்கிறார் அந்தப் பால்காரர். முழங்கை உரசிக் குருதி கசிந்தது. ஒரு கேன் பால் முழுவதும் சாலையில் ஓடிற்று.

தூக்கிவிட்ட கையோடு சண்டையும் பிடித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. “இடைவெளி விட்டு வரக்கூடாதா?” என்று கேட்டோம். “விளக்கு எரியாமல் நீங்கள் நிற்பது எனக்கு எப்படித் தெரியும்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். எரியவில்லையா? கைப்பிடியைப் பிடித்து அழுத்திக் காட்டினோம். பின்விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அலுவலகக் கோப்புகளை இந்தியிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து இந்திக்கும் மாற்றிவரும் நமக்கு, அந்நிய மொழியில் ஒரு வழக்கை வென்றுவிட்ட பெருமிதம். அவர் விளக்கைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், பிறகு அமைதியாக, “இப்போது காலால் அழுத்துங்கள்” என்றார்.

அழுத்தினோம். விளக்கு எரியவில்லை.

பாலுக்குரிய பணத்தை அவர் பெற்றுக்கொண்டார். காயத்திற்கென்று கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். பிரேக் விளக்கு ஒன்றே. ஆயினும் அதனை எரியச் செய்யும் விசைகள் இரண்டு. ஒன்று வலக்கைப் பிடியருகே உள்ளது. மற்றொன்று கால்மிதியோடு ஒரு சுருள்கம்பியால் பிணைக்கப்பட்டது. மிதி தாழும்போது சுருள்கம்பி விசையின் நடுத்தண்டைக் கீழே இழுக்கிறது, உள்ளே இரு செப்புத் தகடுகள் கூடுகின்றன, மின்சாரம் பாய்கிறது. கைவிசை நன்றாயிருக்கும் வரை கால்விசை இறந்துபோனதை ஒருவரும் அறியார். வண்டியைச் சோதிக்கும் பலரும் கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகின்றனர். நாமும் அப்படித்தான் இருந்தோம்.

இவ்விசை பழுதாவதில் வியப்பில்லை. வலப்புறப் பாதத்தாங்கிக்கு உட்புறம், வண்டியின் சட்டத்திற்கும் புகைக்குழாய்க்கும் நடுவே அது பதுங்கியிருக்கிறது. பின்சக்கரம் வாரியிறைக்கும் சேறும் மழைநீரும் அங்குதான் போய்ச் சேரும். செம்பில் களிம்பேறினால் மின்சாரம் கடவாது.

முதலில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றோம். விசை கைக்கு எட்டாத இடத்தில் உள்ளது, புகைக்குழாயைக் கழற்ற வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். இன்னொரு கடையில் எளிய வழி சொன்னார்கள்: விசைக்கு வரும் இரு கம்பிகளையும் முறுக்கிக் கட்டிவிட்டால் விளக்கு எப்போதும் எரியும், தொல்லை தீர்ந்தது. எரியாத விளக்கைவிடக் கேடானது ஓயாமல் எரியும் விளக்கு. நாம் நிற்கிறோமா, ஓடுகிறோமா என்று பின்னால் வருபவர் எதைக் கொண்டு அறிவார்? ஆகவே நாமே செய்வதெனத் துணிந்தோம். கலைப் பட்டம் பெற்றவன் கையில் திருப்புளி எதற்கு என்று இல்லத்தில் கேட்டதும் உண்மை.

புதிய விசை வாங்கக் கரோல் பாகிலுள்ள உதிரிபாகக் கடைத்தெருவிற்குப் போனோம். நம் ஏடுகளில் ‘விசை’ என்றும் ‘நிலைமாற்றி’ என்றும் எழுதுவோம். இலங்கைத் தமிழர் ‘ஆளி’ என்னும் அழகிய சொல்லை ஆள்வர். அங்கே ‘பிரேக் லைட் ஸ்விட்ச்’ என்பதைத் தவிர வேறொன்றும் செல்லாது. பழைய விசையைக் கழற்றாமல் போனதால், அளவு மாறிய ஒன்றை வாங்கிவந்து மீண்டும் ஒருமுறை அலைந்தோம். இருவர் சிற்றுண்டி அருந்தும் செலவுகூட அதற்கு ஆகவில்லை.

வேலையைத் தொடங்குமுன், பழுது விசையில்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கைப்பிரேக்கிற்கு விளக்கு எரிவதால் பல்பு நன்றாக உள்ளது. கால்விசைக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றி, சாவியைத் திருப்பி, இரு முனைகளையும் சிறு கம்பித்துண்டால் சேர்த்தோம். விளக்கு எரிந்தது. எனவே கம்பிகளிலும் குற்றமில்லை, விசைதான் கெட்டது. இது 12 வோல்ட் மின்சாரம்; 21 வாட் பல்பில் ஓடுவது 2 ஆம்பியருக்கும் குறைவு. கையில் பிடித்தாலும் அதிர்ச்சி இராது. ஆனால் அம்முனை சட்டத்தில் பட்டால் ஃபியூஸ் போய்விடும். ஆதலால் சோதனை முடிந்ததும் சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்தோம்.

புகைக்குழாய் ஆறும் வரை காத்திருந்தோம். பக்க மூடியை எடுத்தோம். பாதத்தாங்கியின் இரு திருகுகளைத் தளர்த்தி அதனைச் சற்றே விலக்கினோம். புகைக்குழாயைக் கழற்ற நேரவில்லை. பழைய விசை எளிதில் வந்துவிட்டது. புதியதையும் அதன் பள்ளத்தில் பொருத்தினோம். சுருள்கம்பியின் கொக்கியை மிதியின் துளையில் மாட்டுவதுதான் ஆகவில்லை. இரு விரல் நுழையும் இடத்தில் கண் சென்றால் கை செல்லாது. கை சென்றால் கண்ணுக்கு வழியில்லை. ஒரு மணி நேரம் முயன்று, விரலைக் கிழித்துக்கொண்டதே மிச்சம்.

“நூலைக் கட்டி இழுங்கள், அப்பா” என்றாள் பன்னிரண்டு வயது மகள். கொக்கியில் சணல் நூலைக் கோத்து, நூலைத் துளை வழியே வாங்கி நாம் கீழிருந்து இழுக்க, அவள் தன் மெல்லிய கையை மேலிருந்து நுழைத்து கொக்கியைத் தள்ளினாள். மாட்டிக்கொண்டது. நூலை அறுத்து எடுத்தோம்.

அடுத்தது அளவு பிடித்தல். விசையின் உடலைத் திருகக் கூடாது. கம்பிகள் முறுக்கி அறும். உடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அதன்மீதுள்ள மறையை மட்டும் திருப்ப வேண்டும். விசை மேலேறினால் விளக்கு முந்தி எரியும். இறங்கினால் பிந்தி எரியும். பிரேக் சக்கரத்தைப் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிவது சரி. பேட்டரியைப் பூட்டி, மிதியைக் கையாலேயே மெல்ல அழுத்தினோம். “எரிகிறது” என்றாள் மகள்.

இப்போது திங்கட்கிழமை தோறும் புறப்படுமுன் அவள் வண்டியின் பின்னே வந்து நிற்கிறாள். கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரு முறை அவளுடைய குரல் கேட்ட பிறகே கிளம்புகிறோம். வெளியூரில் தனியறையில் வாழும் இளைஞர்களுக்குப் பின்னால் நிற்க ஆள் இராது. அவர்கள் மாலை மங்கிய பின் வண்டியின் பின்புறத்தை ஒரு சுவரின் பக்கம் திருப்பி நிறுத்தி, முதலில் காலால் அழுத்திப் பார்க்கலாம், சுவர் சிவக்கும். கையால் அழுத்துவதை அதன்பின் வைத்துக்கொள்க.