மணியும் மணித்தியாலமும்

(சென்ற மாத ஒலிபரப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பங்குனி, சித்திரை மாதங்களில் என் குரல் கேட்டாலே, வருமான வரிப் படிவம்தான் கதைக்கப்போகிறான் என்று உங்களில் சிலர் தேத்தண்ணி போட எழும்பிவிடுவீர்கள். இன்றைக்கும் கணக்குத்தான் கதைக்கப்போகிறேன். ஆனால் இது நான் பிழைவிட்ட கணக்கு. அதுவும் என் சொந்த அக்காவின் கணக்கு. வானொலியில் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். "சொல்லு தம்பி, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும். ஆனா என்ரை பேரைச் சொல்லிப்போடாதை" என்றார்.

நாங்கள் மன்னார்ப் பக்கம், மாந்தைக்குக் கிட்ட. அக்கா இங்கே வந்து பதினேழு வருடம் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்தவர். 2016இல் அதைப் பூட்டிவிட்டார்கள். அப்போது அவருக்கு 52 வயது. புதிய வேலைக்கு எடுக்க அது வயது கூடிப்போச்சு, ஓய்வூதியத்துக்கோ காணாது. வீட்டில் சும்மா இருக்க ஏலாமல் 2017இல் ஸ்காபரோவில் ஒரு மாலை வகுப்புக்குப் போனார். கண்ணாடி மணி செய்யும் வகுப்பு. பதினேழு வருடம் ஈயம் பற்றவைத்த கை நடுங்காத கை. மூன்றாம் கிழமையே படிப்பித்தவர் மற்றவர்களைக் கூப்பிட்டு அக்காவின் கையைக் காட்டினாராம்.

கண்ணாடி மணி என்றதும் கடையில் சரமாகத் தொங்கும் மணியை நினைக்காதீர்கள். இது ஒவ்வொன்றாக நெருப்பில் செய்வது. மேசையில் பூட்டிய ஒரு எரிவாயு விளக்கு. புரொப்பேன் வாயுவோடு ஒட்சிசனும் கலந்து எரியும். அக்காவிடம் இருப்பது ரொறன்ரோவிலேயே தயாராகும் நோர்ட்டெல் மைனர் என்ற விளக்கு. (2009இல் முறிந்துபோன தொலைபேசிக் கம்பனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கம்பனியின் பங்குகள் வாங்கிக் கைசுட்ட நேயர்கள் பதறவேண்டாம்.) பென்சில் தடிப்பில் கண்ணாடிக் குச்சிகள் இத்தாலியிலுள்ள முரானோவிலிருந்து வருகின்றன. இடது கையில் ஒரு மெல்லிய உருக்குக் கம்பி, அதன் நுனியில் காய்ந்த களிப்பூச்சு. வலது கையில் கண்ணாடிக் குச்சி. குச்சியின் நுனி தேன்போல இளகியதும் அதைக் கம்பியில் சுற்றவேண்டும். சுற்றும்போதும் பிறகும் கம்பி உருண்டுகொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிவிடும். பிறகு மயிர்போல இழுத்த நிறக் கண்ணாடியால் புள்ளி, கோடு, பூவிதழ். இளகும் கண்ணாடியிலிருந்து மஞ்சள் ஒளி எழும்பிக் கண்ணை மறைக்கும். அதை மறிக்க டிடிமியம் என்ற தனிவகைக் கண்ணாடி போடவேண்டும். வெறுங்கண்ணோடு நான் ஒருநாள் எட்டிப் பார்த்து ஏச்சு வாங்கினேன்.

செய்து முடித்ததும் வெளியே வைத்தால் வெடித்துவிடும். உடனே மின்சூளைக்குள் போகவேண்டும். கிட்டத்தட்ட 510 பாகை செல்சியசில் வைத்து, இரவோடிரவாக மெதுவாக ஆறவிடவேண்டும். கண்ணாடிகளிலும் சாதி உண்டு. சூடேறும்போது எவ்வளவு விரியும் என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. முரானோக் குச்சிக்கு 104. வேறொரு வகைக்கு 90. இரண்டையும் ஒரே மணியில் சேர்த்தால் ஆறும்போது ஒன்று மற்றதை இழுத்து உடைக்கும். முதல் வருடம் மலிவுவிலையில் வாங்கிய குச்சிகளைக் கலந்து ஒரு தட்டு மணி முழுக்கப் பாழ். சூளையைத் திறந்த அக்கா, "ஒண்டும் மிச்சமில்லையடா" என்று தொலைபேசியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

2018இலிருந்து கைவினைச் சந்தைகளில் விற்கத் தொடங்கினார். தேவாலய மண்டபம், சனசமூக நிலையம், ஐஸ் ஹொக்கி அரங்கு என்று சனி ஞாயிறுகளில் நடப்பவை. மணியைக் கறுப்பு நூலில் கோத்துப் பதக்கமாக ஒன்று 12 டொலர். ஒவ்வொரு சித்திரையும் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பற்றுச்சீட்டோடு என்னிடம் வருவார். நான் ரி2125 படிவத்தை நிரப்புவேன். வரவு இவ்வளவு, கண்ணாடி, வாயு, மேசைக் கட்டணம், பெற்றோல் போக நிகர லாபம் இவ்வளவு. தொற்றுக்காலம் நீங்கலாக ஒவ்வொரு வருடமும் லாபம். 2022ஆம் ஆண்டுக்கு 3,100 டொலர் வந்தது. "நல்லா வருது அக்கா, விடாதேங்கோ" என்று சொன்னவன் நான்தான்.

அந்த நேரம் வீட்டுக்குப் பக்கத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில், சமையலறையில் கிழமைக்கு 20 மணித்தியால வேலை ஒன்று அவரைத் தேடி வந்திருந்தது. சந்தைக்கு மணி செய்ய நேரம் காணாது என்று அக்கா வேண்டாமென்றுவிட்டார். என்னுடைய "நல்லா வருது"வை நம்பித்தான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

2024 கார்த்திகையில் அத்தானுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. அவரால் வாகனம் ஓட்ட முடியாததால், இரண்டு நாள் சந்தை ஒன்றுக்கு நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு வருடக் கணக்கை எழுதியவன் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தது அதுதான் முதல் தடவை.

காலை ஏழரைக்குப் பெட்டி இறக்கியதிலிருந்து மேசை விரிப்பு, நிலைக்கண்ணாடி, விளக்கு என்று எல்லாம் அடுக்கவேண்டும். பிறகு ஒன்பது மணித்தியாலம் நின்றபடியே சிரிக்கவேண்டும். சனம் வரும், தூக்கிப் பார்க்கும், வைக்கும். நம்மவர்களும் வந்தார்கள். ஒரு தங்கச்சி, கையில் பத்துப் பவுண் காப்போடு, "அன்ரி, நாங்களும் தமிழ்தானே, இரண்டெடுத்தா இருபதுக்குத் தாங்கோவன்" என்றார். அக்கா கொடுத்துவிட்டார். வயதான ஆசிரியர் ஒருவர் மிக அன்போடு, "பிள்ளை, இது ஈராயிரம் வருடத் தமிழர் கலை என்று ஒரு பலகையில் எழுதி வையும், வெள்ளைக்காரன் இரண்டு மடங்கு விலை தருவான்" என்று யோசனை சொன்னார். அதற்கு மட்டும் அக்கா தலையாட்டவில்லை. மாந்தையில் ஜோன் கார்ஸ்வெல் என்பவரின் குழு 1980களின் முற்பகுதியில் அகழ்வாய்வு செய்ததும், மண்ணுக்குள்ளிருந்து சிறுசிறு கண்ணாடி மணிகள் வந்ததும், 1984இல் போர்ச்சூழலால் அது நின்றுபோனதும் எங்கள் ஊர்ச் சனத்துக்குத் தெரிந்த கதை. ஆனால் அந்தக் காலத்து மணிகளில் பெரும்பாலானவை, கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. கம்பியில் சுற்றுவது வேறு வேலை. "சேர், அது வேறை, இது வேறை. இதை நான் ஸ்காபரோவிலைதான் பழகினனான்" என்றார் அக்கா.

பக்கத்து மேசையில் மட்பாண்டம் விற்ற ஒரு கிழவி அக்காவின் மணியைத் தூக்கிப் பார்த்து, இதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார். அக்கா சொன்னார். கிழவி விலைச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முகம் சுட்டது.

ஞாயிறு பின்னேரம் திரும்பும் வழியில் ரிம் ஹோட்டன்சில் நிறுத்தினோம். "548 டொலர் தம்பி! இந்த வருசத்திலை இதுதான் கூட" என்று அக்கா சந்தோசமாக இருந்தார். 46 பதக்கம். நான் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். மேசைக் கட்டணம் 180. பெற்றோல், தரிப்பிடம், சாப்பாடு 40. நூல், கொளுவி, பெட்டி ஒன்றுக்கு 1.90 வீதம் 87.40. நல்லதாக 46 எடுக்க 55 மணி செய்யவேண்டியிருந்ததாம், மற்றவை வெடிப்பு, கோணல். கண்ணாடி, வாயு, மின்சாரம் எல்லாம் மணிக்கு 1.10 வீதம் 60.50. அட்டைக் கட்டணம் 12. மிச்சம் 168 டொலர் 10 சதம்.

இதுவரைக்கும் நான் வழமையாக எழுதுவதுதான். அதற்குக் கீழேதான் ஆறு வருடமாக எழுதாததை எழுதினேன். நெருப்புக்கு முன்னால் 20 நிமிடம், கம்பி தோய்க்க, துளை கழுவ 7 நிமிடம். 55 மணிக்கு 25 மணித்தியாலம். கோக்க, பெட்டியில் போட 4. மண்டபத்தில் 18. ஏற்றி இறக்க 3. மொத்தம் 50.

168ஐ 50ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு மூன்று டொலர் 36 சதம். அந்த நேரம் ஒன்ராறியோவில் சட்டப்படியான ஆகக்குறைந்த சம்பளம் 17 டொலர் 20 சதம். சூளையின் தேய்மானத்தை நான் சேர்க்கவுமில்லை.

அக்கா உறையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அந்தக் குசினி வேலையை நான் விட்டது?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கோப்பி ஆறிப்போச்சு.

நேயர்களே, தனியாள் தொழில் செய்பவருக்கு வரிப் படிவத்தில் தன்னுடைய உழைப்புக்கென்று ஒரு வரி கிடையாது. தனக்குத்தானே சம்பளம் கொடுத்ததாகக் கழிக்கவும் முடியாது. சட்டம் அப்படி. ஆகவே படிவத்தில் "நிகர லாபம்" என்று வருவதற்குள் உங்கள் கூலியும் அடங்கியிருக்கிறது. வர்த்தகப் பட்டதாரியான எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும், வரித் திணைக்களத்துக்கு எழுதிய கணக்கையே அக்காவுக்கும் காட்டினேன். வரிக்கு எழுதும் கணக்கு வேறு, தொழிலை வைத்திருப்பதா விடுவதா என்று பார்க்கும் கணக்கு வேறு. சாப்பாடு சமைத்து விற்பவர்கள், சட்டை தைப்பவர்கள், பிறந்தநாள் கேக் போடுபவர்கள் என்று எத்தனையோ பேருக்கு நான் இதே பிழையைச் செய்திருக்கிறேன்.

நாங்கள் நகைக்கடையில் செய்கூலி என்று தனியாகப் போட்டால் கட்டுகிறோம், சேதாரம் என்றாலும் கட்டுகிறோம். அங்கே பவுணுக்கு ஒரு விலை இருக்கிறது, கூலி அதன்மேல் ஏறுகிறது. கண்ணாடி மணியில் கண்ணாடி 50 சதம்கூட வராது. மற்றதெல்லாம் செய்கூலி. அந்தக் காப்புப் போட்ட தங்கச்சி குறைக்கச் சொன்னது கண்ணாடியின் விலையை அல்ல, அக்காவின் கூலியை. அவர் அதை நினைத்துக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அக்காவும் நினைத்துக் கொடுக்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் உள்ள வருத்தமுமல்ல. விளக்கு நெருப்பில் மணி செய்யும் கலையை 2020இல் யுனெஸ்கோ இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அந்த வெனிஸ் நகரத்திலேயே மணி கோக்கும் பெண்கள் வாசற்படியில் இருந்து கோத்த அளவுக்குக் கூலி வாங்கியவர்கள். மணிகள் கப்பலேறி ஆபிரிக்காவுக்கும் இந்த வட அமெரிக்காவுக்கும் போய் வியாபாரிகளைப் பணக்காரராக்கின. கோத்த பெண்கள் 1904இல் கூலி காணாதென்று வேலைநிறுத்தம் செய்யவேண்டி வந்தது. இதை அக்காவுக்குச் சொன்னபோது, "நான் ஆரோடை வேலைநிறுத்தம் செய்யிறது, என்னோடையோ?" என்று கேட்டுச் சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு சிரித்தது அன்றுதான்.

விலையைக் கூட்டச் சொன்னேன். ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று பயந்தார். 2025 வைகாசியில் அதே மண்டபத்தில் 28 டொலர் போட்டோம். 27 பதக்கம்தான் விலைப்பட்டது. 756 டொலர். செலவு 326.50. மிச்சம் 429.50. குறைய விற்றதால் குறையச் செய்தால் போதும், வேலை நேரம் 38 மணித்தியாலம். பிரித்தால் 11 டொலர் 30 சதம். இன்னும் ஆகக்குறைந்த சம்பளத்தைத் தொடவில்லை என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் மூன்று 36 இல்லை. வருடத்துக்கு 14 சந்தை போனவர் இப்போது ஐந்துக்குத்தான் போகிறார். கட்டணம் கூடிய, சனம் குறைந்த இடங்களை வெட்டிவிட்டோம். ஒரு கொப்பியில் தினமும் நேரத்தை எழுதுகிறார். குசினி வேலைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது.

வீட்டில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு விடயம். புரொப்பேன் சிலிண்டரை வீட்டுக்குள் வைக்கவேண்டாம். அந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கி நிற்கும். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கு முதலே எழுத்தில் அறிவியுங்கள். காசாக வந்த விற்பனையும் வருமானம்தான், எழுதத்தான் வேண்டும். அடுத்தடுத்த நான்கு காலாண்டு விற்பனை 30,000 டொலரைத் தாண்டாவிட்டால் எச்.எஸ்.ரி.க்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதியாமல் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வாங்கக்கூடாது. சிலர் வாங்குகிறார்கள். பற்றுச்சீட்டுகளை ஆறு வருடம் வைத்திருங்கள், சப்பாத்துப் பெட்டியானாலும் சரி.

போன மாதம் என் மகளின் பட்டமளிப்புக்கு ஒரு மணிமாலை வேண்டுமென்று அக்காவிடம் கேட்டேன். ஒன்பது மணி, கடல்நீலம். மாலையோடு ஒரு துண்டும் வந்தது. கண்ணாடி, நூல், கொளுவி 14 டொலர். செய்கூலி நாலரை மணித்தியாலம். பக்கத்தில் தொகை. கீழே அக்காவின் எழுத்தில், "தம்பிக்கும் இதுதான் விலை."

கட்டிவிட்டேன்.