பயத்தைப் பகிர்ந்தால் பலம் வரும்



தாராவியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். எல்லோருக்கும் அது முடிவதில்லை. பலருக்குப் பக்கத்திலுள்ள சயான் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். அங்கே பேச்சு மராத்தி, இந்தி. பெற்ற தாயோ ஊரில். கர்ப்பிணிக்குப் பயம் வராதா?

இந்தப் பயம் கோழைத்தனம் அல்ல. பிரசவம் மறுபிறப்பு என்று நாமே சொல்கிறோம். ஆனால் பயம் மிஞ்சினால் என்ன ஆகும்? பல் கடிக்கிறோம். கை கால் இறுகுகிறது. மூச்சு வாங்குகிறது. உடம்பு இறுகினால் வலி கூடும். வலி கூடினால் பயம் கூடும். செக்குமாடு போல இது சுற்றிச் சுற்றி வரும். கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1930களிலேயே இதை எடுத்துச் சொன்னார்.

நார்வே நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். அது 2012-இல் வெளிவந்தது. மிகவும் பயந்தவர்களுக்குப் பிரசவ நேரம் சுமார் 47 நிமிடம் கூடியது. ஆனால் அவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே குழந்தை பிறந்தது. எனவே, பயந்துவிட்டோமே என்றும் பயப்பட வேண்டாம்.

இதற்கு நல்ல மருந்து, கூட ஒரு துணை. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது. ஆபரேஷனும் குறைந்தது. பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கலாம் என்று 2016-இல் மத்திய அரசும் சொன்னது.

எனவே ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போதே துணை பற்றிக் கேளுங்கள். பிரசவ அறை எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். வலி வரும்போது மூச்சை அடக்காமல் மெதுவாக விடுங்கள். மாமியார்களே, அக்கம்பக்கத்தாரே, கர்ப்பிணியிடம் பயங்கரக் கதைகளைச் சொல்லாதீர்கள். அவள் பயத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இரத்தப்போக்கு, வலிப்பு, கடும் தலைவலி, கண் மங்கல், குழந்தை அசைவு குறைதல் ஆகியவை வெறும் பயம் அல்ல, ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துணை தைரியம் தரும். வைத்தியம் உயிரைக் காக்கும். இரண்டும் வேண்டும்.