இருக்கைக்குப் பின்னால் எண்ணெய்த் தொட்டி

ஸ்கூடாயிலும் செனாயிலும் குலாயிலும் வாசலில் ஒரு பழைய பிக்கப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் தம்பிமார்கள் இருக்கிறார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்குத்தான். அவர்களுடைய மனைவிமார்களும் கேட்டால் இன்னும் நல்லது.

பழைய வண்டியின் மீது ஆசை வைப்பது தவறில்லை. சாயம் அடிக்கிறார்கள், இருக்கைக்குப் புதுத் தோல் தைக்கிறார்கள், சக்கரத்துக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவழிக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: உங்கள் வண்டியில் எண்ணெய்த் தொட்டி எங்கே இருக்கிறது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் துரையின் லேண்ட்ரோவர் ஞாபகம் இருக்கும். 1948இல் வெளிவந்த அந்த வண்டியின் ஆரம்பகால மாதிரிகளில் எண்ணெய்த் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. எண்ணெய் ஊற்ற வேண்டுமானால் இருக்கை மெத்தையைத் தூக்கவேண்டும்! சுமார் 45 லிட்டர் பெட்ரோலின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் துரை பால்மரக் காட்டைச் சுற்றி வந்தார். வாயில் சுருட்டு வேறு.

அமெரிக்க பிக்கப்களின் கதையும் இப்படித்தான். செவர்லே நிறுவனம் 1947இல் புதிய பிக்கப்பை வெளியிட்டபோது தொட்டி பின்பெட்டிக்கு அடியில் இருந்தது. 1949இல் அதை எடுத்து, ஓட்டுநர் அறைக்குள், இருக்கையின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தார்கள். 1972 வரை அந்த வண்டிகளில் தொட்டி அங்கேயே இருந்தது. ஃபோர்டும் பல ஆண்டுகள் இதே முறையைப் பின்பற்றியது.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்றால், அந்தக் காலத்துக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. மண் பாதையில் கல் அடிக்காது, சேறு படாது. தொட்டி உயரமாக இருப்பதால் எஞ்சினுக்கு எண்ணெய் சுலபமாகப் போய்ச் சேரும். குழாயும் மிச்சம். மோதினால் உள்ளே இருப்பவர் என்ன ஆவார் என்று கேட்கும் சட்டம் அப்போது எந்த நாட்டிலும் இல்லை.

இன்று அந்தத் தொட்டிக்கு வயது 50க்கும் மேல். நம் ஊர் ஈரக் காற்றில் உள்ளே துரு பிடித்திருக்கும். ரப்பர் குழாய் வெடித்துப் போயிருக்கும். வளைவில் திரும்பும்போது எண்ணெய் குலுங்கும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். கண்ணாடியை ஏற்றினால் பெட்ரோல் வாடை. "பழைய வண்டி என்றால் வாடை அடிக்கத்தானே செய்யும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு!

ஆகவே தொட்டியை இடம் மாற்ற வேண்டும் என்று நினைப்பது நல்ல எண்ணம். ஆனால் எங்கே மாற்றுவது?

இந்தக் கேள்விக்கு ஜெனரல் மோட்டார்ஸ் என்ற மாபெரும் நிறுவனமே தவறான பதிலைக் கண்டுபிடித்தது. 1973இல் அறைக்குள் இருந்த தொட்டியை வெளியே எடுத்தார்கள். எடுத்து, வண்டியின் முதுகெலும்பான சேசிஸ் இரும்புக்கு வெளிப்பக்கமாக, பக்கவாட்டில் தொங்கவிட்டார்கள். இருபுறமும் தொட்டி பொருத்தினால் 40 கேலன் வரை பிடிக்கும். தூரப் பயணம் போகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பக்கவாட்டில் இன்னொரு கார் வந்து மோதினால், அந்தக் காருக்கும் எண்ணெய்க்கும் நடுவே மெல்லிய தகடு மட்டுமே. 1987 வரை இப்படி 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப்கள் விற்பனையாயின. பலர் தீயில் கருகி இறந்தார்கள். 1993 பிப்ரவரியில் அட்லாண்டா நீதிமன்றத்தில், மகனை இழந்த ஒரு குடும்பத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கும்படி ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

அதே மாதத்தில் இன்னொரு கூத்து. தொலைக்காட்சி அரங்கத்தில் நின்றுகொண்டே தொலைக்காட்சியின் குற்றத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 1992 நவம்பரில் இந்த பிக்கப் மோதித் தீப்பிடிக்கும் காட்சியைக் காட்டியது. தீ நிச்சயமாகப் பிடிக்கவேண்டும் என்பதற்காக வண்டிக்கு அடியில் பொம்மை ராக்கெட்டின் தீப்பொறிக் கருவியைக் கட்டி வைத்திருந்தார்கள். விஷயம் அம்பலமானது. 1993 பிப்ரவரி 9ஆம் தேதி அந்த நிலையம் நேயர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பாவம் பாருங்கள், நிஜமான ஆபத்து ஒன்று இருந்தது. அதைப் பொய்யாகக் காட்டப் போய், நிஜத்தையே பலர் சந்தேகிக்கும்படி செய்துவிட்டார்கள்.

கடைசியில் 1994 டிசம்பரில் அமெரிக்க அரசு ஜெனரல் மோட்டார்ஸுடன் சமரசம் செய்துகொண்டது. பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5 கோடி டாலருக்கு மேல் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லை. ஆனால் 1988இல் வந்த புதிய மாதிரியில் தொட்டி சேசிஸின் இரண்டு இரும்புகளுக்கு நடுவே போய்விட்டது. நீதிமன்றத்தில் என்ன வாதாடினாலும், சரியான இடம் எது என்று அவர்களுடைய பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

தம்பிமார்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். பின்பெட்டிக்கு அடியில், இரண்டு சேசிஸ் இரும்புகளுக்கு நடுவில். பின் அச்சுக்கு முன்னால் இடம் கிடைத்தால் மிகவும் நல்லது. கிடைக்காவிட்டால் மாற்றுச் சக்கரம் தொங்கும் இடம். அங்கே வைத்தால் பின்னாலிருந்து மோதுவதற்குப் பாதுகாப்பாக ஓர் இரும்புத் தடுப்பு அவசியம். புகைபோக்கிக் குழாய் பக்கத்தில் போகக்கூடாது. பள்ளத்தில் இறங்கும்போது பின் அச்சு மேலே எழும்பி வந்து தொட்டியை இடிக்கிறதா என்று சுமை ஏற்றிப் பார்க்கவேண்டும். இடம் தாராளமாக இருக்கிறதே என்று பக்கவாட்டில் மட்டும் தொங்கவிடாதீர்கள். அந்தப் பரிசோதனையை அமெரிக்காவில் செய்து பார்த்தாகிவிட்டது.

இனி வரப்போவதுதான் இன்றைய பேச்சில் மிக முக்கியமானது. தொட்டி இடம் மாற்றும் வேலையில் உயிர் போவதற்கு மோதல்தான் வேண்டும் என்பதில்லை. பட்டறையிலேயே போகும்.

பழைய தொட்டியைக் கழற்றுகிறார்கள். எண்ணெயை வடித்துவிடுகிறார்கள். "காலித் தொட்டிதானே, புதுக் காது ஒன்று வைத்து வெல்டிங் பண்ணிவிடலாம்" என்கிறார்கள். ஐயா, நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் பயங்கரமானது. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவிதான் எரிகிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே வெடிக்கப் போதும். சுமார் ஏழரைப் பங்கு வரை அந்த ஆபத்து நீடிக்கும். எண்ணெய் நிறைந்த தொட்டியில் காற்றுக்கு அவ்வளவாக இடமில்லை. காலித் தொட்டியிலோ காற்றும் ஆவியும் கலந்து நெருப்புக்காகக் காத்திருக்கின்றன.

இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம் என்பார்கள். போதாது. மடிப்புகளிலும் துருவிலும் அடிக்கசட்டிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய், வெல்டிங் சூடு பட்டவுடன் மறுபடியும் ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். நாலு அடி தள்ளி ஒருவர் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பொறியே போதும். பட்டறை வேலை செய்கிற பையனுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முதலாளி செய் என்கிறார், அவன் செய்கிறான். அவனுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறார். அதனால் பழைய தொட்டியில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். அளவு கொடுத்துப் புதுத் தொட்டி செய்து வாங்குங்கள். தொட்டியைத் தாங்கும் பட்டைகளை எல்லாம் வண்டியில் வெல்டிங் செய்து முடித்துவிட்டு, கடைசியாகத் தொட்டியைக் கொண்டுவந்து போல்ட் போட்டு மாட்டுங்கள். வேலையின் வரிசையை மாற்றினாலே பாதி ஆபத்து போய்விடும்.

பம்பையும் மறக்கக்கூடாது. தொட்டி கீழே இறங்கிப் பின்னால் போய்விட்டதால், எஞ்சினோடு ஒட்டிய பழைய பம்பு எண்ணெயைத் தூரத்திலிருந்து உறிஞ்சவேண்டும். நம் நாட்டு வெயிலில், வாகன நெரிசலில் ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது குழாயிலேயே எண்ணெய் ஆவியாகி வண்டி நின்றுவிடும். அதனால் தொட்டிக்கு அருகில் மின் பம்பு வைக்கிறார்கள். சரிதான். ஆனால் விபத்தில் குழாய் அறுந்தாலும் மின் பம்பு தன் பாட்டுக்கு எண்ணெயை இறைத்துக்கொண்டே இருக்கும். மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு ஒன்று கட்டாயம் வேண்டும். புதுத் தொட்டிக்குக் காற்று போக்குக் குழாயும், வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வும் வேண்டும்.

எண்ணெய் முள்ளைப் பற்றி ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூர் வண்டிகள் முக்கால் தொட்டி எண்ணெயுடன்தான் பாலத்தைத் தாண்டவேண்டும் என்ற விதி 1991லிருந்து இருக்கிறது. அதற்காக முள்ளை ஏமாற்றியவர்களும் உண்டு, அதற்கும் அங்கே தண்டனை உண்டு. தொட்டி மாற்றுகிறவர்களை முள் தானாகவே ஏமாற்றும். செவர்லேயின் மிதவை காலியில் 0 ஓம், நிறைந்தால் 90 ஓம் காட்டும். பழைய ஃபோர்டில் காலியில் 73, நிறைந்தால் சுமார் 10. ஒன்றின் மிதவையை இன்னொன்றின் முள்ளோடு இணைத்தால், தொட்டி காலியாக இருக்கும்போது நிறைந்திருப்பதாகக் காட்டும்! பொருத்தமான மிதவையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, தொட்டி விஷயத்தில் நம் அதிகாரிகளுக்குச் சந்தேகக் கண் உண்டு. காரணம் இருக்கிறது. உதவித்தொகை விலையில் கிடைத்த டீசலைக் கடத்துவதற்காக ரகசியத் தொட்டி வைத்த லோரிகளும் பிக்கப்களும் பல முறை பிடிபட்டிருக்கின்றன. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு உயர்ந்ததற்கு அந்தக் கடத்தலும் ஒரு காரணம். ஆகவே பழைய தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக இன்னொன்றையும் மாட்டிக்கொண்டு, "அழகுக்காக வைத்தேன்" என்று சாலைத் தடுப்பில் சொன்னால் யார் நம்புவார்கள்? வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே ஜேபிஜே அலுவலகத்துக்குப் படத்துடன் போய்க் கேளுங்கள். மாற்றத்துக்கு அனுமதி வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பழைய தொட்டியைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்தவுடனே எண்ணெய் நிலையத்துக்குப் போய் நிறைத்துவிடாதீர்கள். முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி, வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து, ஓர் இரவு திறந்த வெளியில் நிறுத்துங்கள். காலையில் அட்டையில் கறை இல்லை என்றால் முழுக்க ஊற்றி, மேட்டில் ஏற்றி மூக்கை மேலே வைத்து ஒரு மணி நேரம், திருப்பி நிறுத்தி ஒரு மணி நேரம். ஊற்றும் குழாயின் இணைப்பு பெரும்பாலும் அப்போதுதான் கசியும். பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.