சாவி நம் கையில் இருக்க வேண்டும்

(மும்பை தாராவியில், சங்க உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலி உயர்வு, ரேஷன் கார்டு, குடியிருப்புப் பிரச்சினை என்று பேசி வந்த இந்த மேடையில் இன்று வலைத்தளம் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இது படித்தவர்கள் விஷயம், நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக நம் பகுதியில் நடந்த ஒன்றையே சொல்கிறோம்.

தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தோழரின் மனைவி, வீட்டிலேயே பர்சும் பெல்ட்டும் தைத்து விற்கிறார். வெட்டுவது, தைப்பது, கட்டி அனுப்புவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர் ஒருவரே. முதலில் ஒருவரிடம் பணம் கொடுத்து இணையத்தில் கடை போட்டார். ஓராண்டு ஓடியது. ஆண்டு முடிந்ததும் அந்த நபர் இரண்டு மடங்குப் பணம் கேட்டார். கொடுக்க முடியவில்லை. மறுநாள் கடையைக் காணோம். விசாரித்தபோதுதான் தெரிந்தது: கடையின் இணைய முகவரியைத் தம் பெயரிலேயே அவர் பதிவு செய்திருந்தார். வாங்கியவர்களின் விவரங்களும் அவரிடமே இருந்தன. உழைப்பு நம் சகோதரியுடையது, சாவி இன்னொருவருடையது!

தோழர்களே, இது புதிய கதையல்ல. பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கிறோமே, அங்கே நடப்பதும் இதுதான். ரயில் டிக்கெட் 2002-ஆம் ஆண்டு இணையத்துக்கு வந்தது. தெரிந்தவர் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார். தெரியாதவர் ஏஜெண்டுக்குக் கூடுதல் காசு கொடுத்தார். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து இதைப் பார்த்தவர்கள் நாங்கள். அறியாமை எங்கே இருக்கிறதோ அங்கே இடைத்தரகர் கடை விரிப்பார். ஆகவேதான் இந்த வேலையை நாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

கற்க முடியுமா? முடியும். இந்த வலை யாருடைய சொத்தும் அல்ல. ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் இதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அது பொதுச் சாலை. சாலையில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; நடக்கத் தெரிந்தால் போதும்.

நம் சகோதரி அப்படித்தான் நடக்கத் தொடங்கினார். பத்தாவது வரை படித்தவர். இரவு பாத்திரம் கழுவி வைத்த பிறகு ஒரு மணி நேரம், மகனின் பழைய கணினியில் உட்கார்ந்தார். முதலில் கற்றது எச்.டி.எம்.எல். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். பார்சல் ஆபீசில் ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டு ஒட்டுகிறோம் அல்லவா? அதுபோல, இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று ஒவ்வொன்றுக்கும் குறி போடுவதுதான் அது. அடுத்தது சி.எஸ்.எஸ். எழுத்து எவ்வளவு பெரிது, என்ன நிறம், எவ்வளவு இடைவெளி என்று சொல்வது அதன் வேலை. இரண்டையும் எழுதக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண எழுதுபலகை போதும். ஆங்கிலம் தடையாக இருக்கிறதா? 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் இவற்றையெல்லாம் எளிய தமிழில் இலவச நூல்களாகவே தந்திருக்கிறது.

அவர் செய்த முதல் பக்கம் திருநெல்வேலியில் அவருடைய அம்மாவின் செல்போனில் திறக்கவே இல்லை. காரணம், படங்கள். செல்போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கு எம்.பி. இருந்தது. அதை 200 கே.பி. அளவுக்குக் குறைத்த பிறகு சட்டென்று திறந்தது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது செல்போனில்தான். ஆகவே சிறிய திரையில் எழுத்து படிக்க முடிகிறதா என்பதே முதல் சோதனை. பர்சின் நீளம், அகலம், விலை, அஞ்சல் செலவு, பிடிக்காவிட்டால் திருப்பும் முறை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். ஆடும் எழுத்தும் மின்னும் படமும் வேண்டாம். ஆறு மாதத்தில் அவர் கடை மீண்டும் திறந்தது.

அவர் அனுபவத்திலிருந்து, நாம் மறக்கக்கூடாத சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, இணைய முகவரியை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். எல்லாப் பக்கங்களின் பிரதியும் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும். பக்கங்களை இலவசமாக வைக்க இடம் தருகிறவர்கள் உண்டு; கடை நடத்த அங்கே அனுமதி உண்டா என்று விதிகளைப் படித்த பிறகே வையுங்கள்.

இரண்டாவது, பணம். வாங்குகிறவர்களின் கார்டு எண்களை நீங்கள் சேர்த்து வைக்காதீர்கள். தொடக்கத்தில் யூபிஐ போதும். பணம் வருவதற்கு உங்கள் பின் எண் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், அவர் மோசக்காரர்.

மூன்றாவது, சட்டம். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி கடையின் பெயர், முகவரி, புகார் சொல்ல வழி, முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு, அதாவது வேறு மாநிலத்துக்கு, வரிக்குரிய பொருளை விற்றால், விற்பனை சிறிதானாலும் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் ஒரு வரம்புக்குள் விலக்கு உண்டு. முறுக்கு, ஊறுகாய் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவும் பெற வேண்டும். தெரியாமல் மாட்டிக்கொள்வதைவிடக் கேட்டுச் செய்வது நல்லது.

பெரிய விற்பனைத் தளங்களில் விற்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே கூட்டம் இருக்கிறது. ஆனால் கமிஷன் அவர்களுக்கு. எந்தப் பொருளை முன்னால் காட்டுவது என்ற முடிவும் அவர்களுக்கு. கணக்கை மூடினால் நாம் தெருவில். அங்கே விற்றாலும் நமக்கென்று சொந்தமாக ஒரு வாசல் இருக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வலைத்தளம் போட்டவுடன் பணம் கொட்டாது. நம் சகோதரிக்கு முதல் மாதம் வந்தவை நான்கே ஆர்டர்கள். அதில் இரண்டு நம் சங்கத்தாரே கொடுத்தவை. இரவு கண் விழித்து உழைப்பவரும் அவரே. "நீயே முதலாளி" என்று சொல்லி, கூலியில்லாத வேலையைப் பெண்ணின் தலையில் ஏற்றுவதற்கு நாம் துணைபோகக் கூடாது. வீட்டு வேலையில் பாதியை ஆண்கள் ஏற்கட்டும். தைக்கும் நேரத்துக்கும் பக்கம் திருத்தும் நேரத்துக்கும் கூலி கணக்கிட்ட பிறகே விலை வைக்க வேண்டும். தனி ஆள் கடை நடத்தலாம். ஆனால் தனி ஆளாக நின்று கற்கவும் போராடவும் வேண்டியதில்லை. அதற்குத்தான் சங்கம்.

ஆகவே சங்கத்தின் சார்பில் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். ஞாயிறுதோறும் மாலை இரண்டு மணி நேரம் சங்க அறையில் வகுப்பு. கற்பிக்கப் போகிறவர் வேறு யாருமல்ல, கடையை இழந்து மீண்டும் கட்டிய அதே சகோதரிதான். பழைய கணினி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பெண்களுக்கு முதலிடம்.

தாராவியின் மறுசீரமைப்பு எந்தப் பட்டறையை எங்கே தள்ளும் என்ற கவலை நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தப் போராட்டம் தொடரும். வகுப்பு அதற்கு மாற்றாகாது. ஆனால் நாளை பட்டறை எங்கே போனாலும், நம்மிடம் வாங்கியவர்கள் நம்மைத் தேடி வரும் முகவரி நம் கையில் இருக்கட்டும். அதன் சாவியை இனி எவரிடமும் கொடுக்க மாட்டோம் என்று முடிவு செய்வோம்.